கொலையை வகைப்படுத்துதல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

துப்பறியும் தொடர்களில் வரும் நிபுணர், சடலம் கிடந்த இடத்தை ஒருமுறை சுற்றிவந்ததுமே கொலையாளியின் வயது, தொழில், குடும்பம் வரை சொல்லிவிடுகிறார். உண்மையான விசாரணையிலும் இப்படித்தானா? கொலைகளை வகைபிரித்து என்ன பயன்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த ஜோசியத்தை நான் நம்புவதில்லை. அதன் வேர் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 1972இல் தொடங்கிய நடத்தை அறிவியல் பிரிவில் இருக்கிறது. அதன் அதிகாரிகள் சிறைகளுக்குப் போய் 36 பாலியல் கொலையாளிகளிடம் பேசினார்கள். திட்டமிட்டுக் கொல்பவர், தாறுமாறாகக் கொல்பவர் என்ற இருவகைப் பிரிவு அந்த ஆய்வின் வழியாகத்தான் புகழ்பெற்றது. கச்சிதமான பிரிவு, ஆனால் 2004இல் பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கேன்டர் குழுவினர் 100 தொடர்கொலையாளிகளின் குற்றங்களை வைத்துச் சோதித்தபோது அது நிற்கவில்லை. திட்டமிடலின் அடையாளங்கள் பெரும்பாலோரிடம் இருந்தன. தாறுமாறு என்று தனி இனம் பிரியவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விதான் கனமானது. வகைபிரிப்பது ஆளின் மனத்தைப் படிப்பதற்காக அல்ல, இரண்டு வழக்குகள் ஒரே கையின் வேலையா என்று பார்ப்பதற்காக. இங்கே விசாரணையாளர்கள் இரண்டு விஷயங்களைத் தனித்தனியே வைக்கிறார்கள். ஒன்று, செயல்முறை: எப்படி நுழைந்தான், எதைக்கொண்டு தாக்கினான், எப்படித் தப்பினான். இது அனுபவத்தில் மாறும். முதல்முறை ஜன்னலை உடைத்தவன் அடுத்தமுறை கதவைத் தட்டி நல்லவன்போலப் பேசலாம். மற்றது, கொலைக்குத் தேவையே இல்லாத செய்கை: உடலை ஒரு விதமாகக் கிடத்துவது, ஒரு பொருளை எடுத்துச்செல்வது. அவனுடைய உள்தேவையிலிருந்து வருவதால் இது எளிதில் மாறாது என்கிறார்கள். நான் இதையும் முழுசாக ஏற்கமாட்டேன். யாராவது வந்துவிட்டால் அவனுக்கு அதற்கு நேரம் ஏது? போதாததற்கு, தாங்களே கொன்றுவிட்டு, கொள்ளைபோலத் தோன்ற வேண்டும் என்று வீட்டைக் கலைத்துப்போடும் உறவினர்களும் உண்டு.

1950களில் பியர்ஸ் புரூக்ஸ் என்ற லாஸ் ஏஞ்சலிஸ் துப்பறிவாளர், தன் வழக்கைப் போன்ற கொலைகள் வேறு ஊர்களில் நடந்தனவா என்று நூலகத்தில் உட்கார்ந்து பழைய செய்தித்தாள்களைப் புரட்டினார். காவல்துறைகளுக்கிடையே அதற்கு வேறு வழியே இல்லை. அவர் வற்புறுத்திய, எல்லாக் காவல்துறைகளுக்கும் பொதுவான கொலைவழக்குத் தகவல் தொகுப்பை எஃப்.பி.ஐ. 1985இல்தான் தொடங்கியது. நிரப்ப வேண்டிய படிவம் மிக நீளமாக இருந்தது; கட்டாயமும் இருக்கவில்லை. பல காவல்துறைகள் அதை நிரப்பி அனுப்பவே இல்லை.