முதலில் கேமரா, பிறகு கணினி: வாசகர் கேள்வி-பதில்

விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போய்வந்தவர்கள், கல்யாணம், காதுகுத்து என்று படம்பிடித்து வந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் எழுதியிருக்கிறீர்கள். பாதிக் கடிதங்களில் எதில் எடுத்த வீடியோ என்ற விவரமே இல்லை. உங்கள் கருவி எந்த ஃபார்மட்டில் கோப்பு தருகிறது என்று தெரியாமல் கணினி வாங்கப் போகாதீர்கள். இதை முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன்.

குறைந்த விலையில் வீடியோ எடிட்டிங்குக்கு நல்ல லேப்டாப் ஒன்று சொல்லுங்கள். அவசரம்.
– தெம்பனிஸ் வாசகர்

குறைந்த விலை என்றால் 600 வெள்ளியா, 1,600 வெள்ளியா? போனில் எடுத்ததா, கேமராவில் எடுத்ததா? ஐந்து நிமிடத் துணுக்கா, மூன்று மணி நேர நிகழ்ச்சியா? இந்த மூன்றையும் எழுதுங்கள், பதில் தருகிறேன். அதுவரை எந்தக் கண்காட்சிக்கும் போய் விற்பனையாளர் கைகாட்டியதை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

மகளின் அரங்கேற்றத்தை ஐபோனில் 4கே 60-இல் (வினாடிக்கு 60 ஃபிரேம்) எடுத்தேன். பழைய லேப்டாப்பில் (ஐ5-6200யூ, 8 ஜிபி) போட்டால் விட்டு விட்டு ஓடுகிறது. கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகுமா?
– ஈசூன் வாசகி

லேப்டாப்புக்குள் கிராபிக்ஸ் கார்டு மாட்ட முடியாதம்மா. அந்தச் சிப் 2015-இல் வந்தது. எச்.265 என்பது வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை. அதில் சாதாரண 8-பிட் கோப்பை அந்தச் சிப் ஒருவாறு தாங்கும். ஐபோன் எச்டிஆரில் (வெளிச்சமும் நிழலும் கூடுதல் விவரத்துடன் பதிவாகும் முறை) எடுத்தால் கிடைப்பது 10-பிட், நிற விவரம் கூடிய கோப்பு. அதை விரிக்கும் தனிப் பகுதி அந்தச் சிப்பில் முழுமையாக இல்லாததால் சுமை பிராசசர் மேல் விழுகிறது, படம் திக்குகிறது.

புதுக் கணினி வாங்கும் முன் பிராக்சி முறையைச் செய்து பாருங்கள். ஷாட்கட் இலவச மென்பொருள், அதில் பிராக்சி வசதி உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் சிறிய நகல் ஒன்றை அதுவே தயாரித்துக்கொள்ளும். வெட்டுவதும் ஒட்டுவதும் சிறிய நகலில், கடைசி எக்ஸ்போர்ட் மட்டும் அசலில். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். எக்ஸ்போர்ட்டும் மெதுவாகத்தான் முடியும், ஆனால் முடியும்.

அடுத்த முறை 4கே 60 வேண்டாம். அது நிமிடத்துக்கு 400 எம்பி, இரண்டரை மணி நேரத்துக்கு 60 ஜிபி. 4கே 30 என்றால் நிமிடத்துக்கு 170 எம்பிதான். எச்டிஆரையும் அணைத்துவிடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அரங்க விளக்குகளில் 30, 60 ஃபிரேமில் எடுத்தால் சில சமயம் படம் மினுக்கும். கேமரா அமைப்பில் 'ஷோ பால் ஃபார்மட்ஸ்' என்பதைத் திறந்துவிட்டால் 25 ஃபிரேம் கிடைக்கும். நாட்டிய நிகழ்ச்சிக்கு அதுவே போதும்.

எட்டு ஜிபி ரேம் போதுமா?
– பொங்கோல்

போதாது. 16 ஜிபி வேண்டும், இரண்டு 8 ஜிபி துண்டுகளாக.

இணையத்தில் ஒருவர் 'ஐ7 எடிட்டிங் பிசி, 16 ஜிபி ரேம்' என்று 350 வெள்ளிக்கு விற்கிறார். அதே விலைக்கு 12-ஆம் தலைமுறை ஐ3 பழையதும் கிடைக்கிறது. ஐ7-தானே உசத்தி? சனிக்கிழமை எம்ஆர்டி ரயில் நிலையத்தில் வந்து தருவதாகச் சொல்கிறார்.
– புக்கிட் பாத்தோக் வாசகர்

சனிக்கிழமை போகாதீர்கள். முதலில் அந்த ஐ7-இன் முழு எண்ணைக் கேளுங்கள்.

எனக்கு வரும் கடிதங்களில் மனத்தை மிகவும் வருத்துவது இந்த விஷயம்தான். ஐ7 என்ற பெயர் 2008-இலிருந்து இருக்கிறது. 2011-இல் வந்த ஐ7-2600-உம் ஐ7, 2013-இல் வந்த ஐ7-4770-உம் ஐ7, போன வருடம் வாங்கியதும் ஐ7. விளம்பரத்தில் எண்ணை மறைத்துவிட்டு 'ஐ7' என்று மட்டும் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். கேட்டால் 'ரொம்ப ஃபாஸ்ட் பாஸ்' என்று பதில் வருகிறது. பிள்ளையின் முதல் பிறந்தநாளை வெட்டி ஒட்டிப் பாட்டிக்கு அனுப்ப ஆசைப்படும் ஒரு குடும்பம், சேர்த்துவைத்த 350 வெள்ளியை இதில் போட்டு ஏமாறுகிறது. எண்ணைச் சொல்லாமல் விற்பது தவறு, எண்ணைக் கேட்காமல் வாங்குவதும் தவறு.

எண்ணைப் படிப்பது சுலபம். கடைசி மூன்று இலக்கத்தை விட்டுவிட்டு முன்னால் இருப்பதைப் பாருங்கள். 4770 என்றால் நான்காம் தலைமுறை, 8500 எட்டாம் தலைமுறை, 12100 பன்னிரண்டாம் தலைமுறை. லேப்டாப்பில் 1135ஜி7 மாதிரி வந்தால் அது பதினொன்றாம் தலைமுறை.

வீடியோ வேலைக்குத் தலைமுறைதான் முக்கியம், ஏனென்றால் எச்.265-ஐ விரிக்கும் பகுதி சிப்புக்குள்ளேயே இருக்கிறது. இன்டெலில் நான்காம் தலைமுறைக்கு அது கிடையாது. ஆறாம் தலைமுறையில் 8-பிட் வந்தது, ஏழில் 10-பிட் வந்தது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்பது, ஓரிரு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்து. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. ஆக, அந்த ஐ7 ஏழுக்குக் கீழ் என்றால் உங்கள் போன் வீடியோவில் திணறும், எட்டுக்குக் கீழ் என்றால் விண்டோஸும் பழையதாகவே நிற்கும். ஐ3-12100 நான்கு கோர்தான், ஆனாலும் ஐ7-4770-ஐ எல்லா வேலையிலும் முந்தும். ஐ3-ஐ வாங்குங்கள்.

அதைவிட மலிவாக வேண்டுமென்றால், நிறுவனங்கள் குத்தகை முடிந்து கழித்த ஆஃபீஸ் கணினிகளைத் தேடுங்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகைகள் இங்கே தாராளமாகக் கிடைக்கும். ஐ5-8500, ஆறு கோர், 16 ஜிபி ரேமுடன் 250 வெள்ளிக்குள் பாருங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிவிட்டதால், ரேமோடு சேர்ந்து வரும் பழைய கணினி இப்போது நல்ல பேரம். ஒரு குறை: சிறிய பெட்டி என்றால் பின்னால் முழு உயரக் கார்டு நுழையாது, பவர் சப்ளையும் அந்த நிறுவனத்துக்கே உரிய அளவில் இருக்கும். பிறகு பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால் இந்த வகை வேண்டாம்.

எம்ஆர்டி கேட் பக்கத்தில் பெட்டியைக் கைமாற்றிப் பணம் கொடுக்காதீர்கள். பிளக் போட்டு ஓடுவதைப் பார்க்க வேண்டும். உங்கள் வீடியோ ஒன்றைத் தம்ப் டிரைவில் கொண்டுபோங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு என்ற இடத்தில் சிப்பின் முழுப் பெயர் இருக்கும். அப்புறம் விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் உங்கள் வீடியோவை ஓடவிட்டு, ஜிபியு பகுதியில் 'வீடியோ டீகோட்' என்ற கோட்டைப் பாருங்கள். அந்தக் கோடு எழும்பி, சிபியு 10, 20 சதவீதத்தில் அமைதியாக இருந்தால் சிப் வேலை செய்கிறது. கோடு தரையில் கிடந்து சிபியு 90-ஐத் தொட்டால், விற்பவர் என்ன சொன்னாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

கடையில் வாங்கினால் பழைய பொருளுக்கும், கோளாறான பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால் அது வாங்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும். தனியாளிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. 50 வெள்ளி கூடுதலானாலும் ரசீது தரும் கடையே நல்லது.

தொண்ணூறுகளின் கடைசியிலும் அதற்குப் பிறகும் மினிடிவி (MiniDV) கேமராவில் எடுத்த கேசட்டுகள் பத்துப் பதினைந்து இருக்கின்றன. கேமரா இன்னும் ஓடுகிறது. யூஎஸ்பி கேபிள் போட்டால் வீடியோ வரவில்லை.
– பிடோக், ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஐயா, அந்தக் காலக் கேமராக்களில் யூஎஸ்பி பெரும்பாலும் புகைப்படத்துக்குத்தான். வீடியோ முழுத் தரத்தில் வருவது 'டிவி' (DV) அல்லது 'ஐ.லிங்க்' என்று எழுதிய சிறிய துளை வழியாக, அதாவது ஃபயர்வயர் என்ற பழைய வகை இணைப்பு வழியாக. மேஜைக் கணினியில் பிசிஐஇ ஃபயர்வயர் கார்டு ஒன்று போட்டால் போதும். மேலே சொன்ன ஐ5-8500 இதற்குத் தாராளம், அதன் பெட்டி சிறியது என்றால் உயரம் குறைந்த தகடுடன் ('லோ புரொஃபைல்') வரும் கார்டாகக் கேளுங்கள். ஒருமுனை யூஎஸ்பி, மறுமுனை ஃபயர்வயர் என்று சில வெள்ளிக்கு விற்கும் கேபிளை வாங்காதீர்கள், அது வேலை செய்யாது. புது மேக்கும் இதற்கு ஆகாது, 2025-இல் வந்த மேக்ஓஎஸ் 26-இல் ஃபயர்வயரையே எடுத்துவிட்டார்கள்.

ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், 13 ஜிபி பிடிக்கும். மாற்றும் முன் ஒவ்வொரு கேசட்டின் கண்ணாடிச் சன்னலையும் வெளிச்சத்தில் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் கேமராவில் போடவே போடாதீர்கள். டேப்பைப் படிக்கும் ஹெட் கெடும், அடுத்த கேசட்டுக்கும் பூஞ்சை பரவும். அவற்றைத் தனியே எடுத்துவைத்து, சுத்தம் செய்யத் தெரிந்த கடையில் கொடுங்கள்.

மாற்றிய கோப்புகள் குறைந்தது இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும், ஒன்று பிள்ளைகள் வீட்டில். கேசட்டையும் தூக்கிப்போடாதீர்கள்.

1,000 வெள்ளி இருக்கிறது. மேக் மினி வாங்கலாமா, விண்டோஸ் வாங்கலாமா? எல்லாமே ஐபோன் வீடியோதான். வீட்டில் பழைய மானிட்டர் இருக்கிறது.
– செங்காங் தம்பதி

கேமரா, பணம், இருக்கும் பொருள் மூன்றையும் எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. மேக் மினி எம்4 வாங்குங்கள். 2024-இல் வந்தபோதே அடிப்படை மாடலில் 16 ஜிபி கொடுத்துவிட்டார்கள், அப்போது விலை ஏறக்குறைய 850 வெள்ளி. எச்.265, அதற்கு முந்தைய எச்.264 இரண்டையும் விரிக்கும் பகுதி சிப்பிலேயே உண்டு, ஐமூவி இலவசம். ரேமை அப்புறம் கூட்ட முடியாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 256 ஜிபிதான், அதைக் கூட்ட ஆப்பிள் கேட்கும் விலை அநியாயம். மீதிப் பணத்தில் வெளியே மாட்டும் 1 டிபி எஸ்எஸ்டி வாங்கி அதில் வேலை செய்யுங்கள். அது வேலை செய்யும் இடம், பேக்கப் அல்ல. பேக்கப்புக்கு வேறொரு டிஸ்க் வேண்டும், அடுத்த மாதச் சம்பளத்திலாவது வாங்கிவிடுங்கள்.

16 டிபி எஸ்எஸ்டி 39 வெள்ளிக்கு வருகிறது. வாங்கலாமா?
– அங் மோ கியோ

மோசடி. உள்ளே சின்ன மெமரி கார்டு இருக்கும், 16 டிபி என்று கணினிக்குப் பொய் சொல்லும். நிரம்பியதும் பழைய கோப்பின் மேலேயே எழுதும். வாங்கியவர்கள் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் சோதித்துப் பார்த்துப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

நான் விடுதியில் தங்கியிருக்கிறேன். வேலை முடிந்து, ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு எடுத்த வீடியோவை எடிட் செய்து ஊருக்கு அனுப்புவேன். ஆண்ட்ராய்டு போன்தான். பழைய லேப்டாப் வாங்க 300 வெள்ளி சேர்த்திருக்கிறேன்.
– துவாஸ் வாசகர்

தம்பி, லேப்டாப் வேண்டாம். 300 வெள்ளி லேப்டாப்பை விட உங்கள் கையில் இருக்கும் போன் இந்த வேலையை வேகமாகச் செய்யும். 1080பி 30-இல் எடுங்கள், போனிலேயே வெட்டுங்கள். போனின் யூஎஸ்பி-சி துளையில் நேரே மாட்டும் எஸ்எஸ்டி ஒன்று, தெரிந்த பிராண்டில், கடையில் ரசீதுடன் வாங்கி அசல்களை அதில் போட்டுவையுங்கள். போன் தொலைந்தாலும் வீடியோ போகாது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், 2 ஜிபி வரை அசல் தரத்தில் போகும். மீதிப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.

ஜோகூர் பாருவில் கணினி மலிவு என்கிறார்களே?
– உட்லண்ட்ஸ்

காலையில் மலேசியாவுக்குப் போய் மாலையில் திரும்பினால் 100 வெள்ளி மதிப்புக்குத்தான் பொருள் சேவை வரி விலக்கு. 48 மணி நேரம் தங்கினால் 500. அதற்கு மேலுள்ள தொகைக்கு 9 சதவீதம் கட்ட வேண்டும். வாரன்டிக்கும் பல பிராண்டுகளில் அங்கேதான் போகவேண்டியிருக்கும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

சிம் லிம் ஸ்குவேரில் 1,400 வெள்ளிக்குக் கொடுத்த கொட்டேஷன்: ஐ5-12400எஃப், 8 ஜிபி ஒரே ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 4060. கேமரா சோனி மிரர்லெஸ், 4:2:2 10-பிட்டில் (நிற விவரம் கூடுதலாகப் பதிவாகும் முறை) எடுக்கிறேன்.
– சுவா சூ காங்

இது கேம் ஆடும் கணினிக்கான கொட்டேஷன். கேமராவைச் சொல்லித்தான் விலை கேட்டீர்களா?

'எஃப்' என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லாத சிப். எச்.265 4:2:2-ஐ விரிக்கும் வேலையை 12-ஆம் தலைமுறை இன்டெலின் உள்-கிராபிக்ஸ் செய்யும், ஆர்டிஎக்ஸ் 40 வரிசை (உங்கள் 4060 அதில்தான்) செய்யாது. ஆர்டிஎக்ஸ் கார்டுகளின் நிறுவனமான என்விடியாவில் அது 50 வரிசையில்தான் வந்தது. சில பத்து வெள்ளி மிச்சம் பிடிக்க உங்களுக்கு வேண்டிய பகுதியையே விட்டுவிட்டிருக்கிறார்கள். எஃப் இல்லாத 12400 கேளுங்கள். கிராபிக்ஸ் கார்டை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். அந்தப் பணத்தில் இரண்டு 16 ஜிபி ரேம், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, பேக்கப்புக்கு 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு. உங்கள் எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு இந்த ஃபார்மட்டுக்கு ஹார்ட்வேர் உதவி தருகிறதா என்றும் பாருங்கள், சிலவற்றில் கட்டணப் பதிப்பில்தான் உண்டு.

ஹார்ட் டிஸ்க்கையும் பழைய கேசட்டுகளையும் கேமரா வைக்கும் டிரை கேபினட்டில் வைக்கலாமா?
– தோ பாயோ

வைக்கலாம். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஆனால் இரண்டு பேக்கப்பையும் ஒரே கேபினட்டில் வைக்காதீர்கள்.