வைஃபை தெரியவில்லை என்பதற்காக மதர்போர்டை மாற்ற வேண்டாம்

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காபித் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். விண்டோஸ் 10-க்கான புதுப்பிப்புகள் நின்றுவிட்டதால், உறவினர் கொடுத்த பென்டிரைவைக் கொண்டு அலுவலகத்தின் பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் மின்ட் 21 நிறுவினோம். பிரிண்டர் உட்பட எல்லாம் வேலை செய்கின்றன. விண்டோஸில் நன்றாக இருந்த சிறிய யுஎஸ்பி வைஃபை டாங்கிள் மட்டும் கிடைக்கவில்லை. அதைச் செருகினால் சி.டி. போன்ற ஒரு படம் வருகிறது. இந்த மதர்போர்டு லினக்ஸுக்கு ஒத்துவராது, போர்டை மாற்றுங்கள் அல்லது மறுபடி விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்று சேலத்துக் கடைக்காரர் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: போர்டை மாற்ற வேண்டாம். கம்ப்யூட்டரை இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கக் குலுங்கக் கீழே இறக்கவும் வேண்டாம். அந்தப் பயணத்தில் ரேம் அசைந்து கொடுத்தால், இல்லாத பழுது ஒன்று புதிதாக வந்து சேரும். மதர்போர்டு உண்மையிலேயே ஒத்துவராததாக இருந்திருந்தால், மின்ட் நிறுவப்பட்டு, திரை வந்து, பிரிண்டரில் தாள் வந்து விழும் நிலைக்கே நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள்.

உங்கள் கேள்வியிலேயே விடைக்கான தடயம் இருக்கிறது: அந்த சி.டி. படம். இவ்வகை டாங்கிள்கள் பல, செருகியவுடன் தம்மை வைஃபை கருவியாக அறிவித்துக்கொள்வதில்லை. விண்டோஸுக்கான டிரைவர், அதாவது கருவியை இயக்கும் நிரல், அடங்கிய ஒரு சி.டி.யாகவே அறிவித்துக்கொள்கின்றன. விண்டோஸில் அந்த நிரல் ஓடி முடிந்ததும் டாங்கிள் வைஃபையாக மாறிவிடும். லினக்ஸில் அதை மாற்றிவிடுவார் இல்லாததால், சி.டி.யாகவே நின்றுவிடுகிறது. ஃபைல் மேனேஜரின் இடப்பக்கத்தில் அந்த சி.டி. பெயருக்கு அருகே மேல்நோக்கிய முக்கோணம் ஒன்று தெரியும். அதைச் சொடுக்கி சி.டி.யை வெளியேற்றுங்கள். டாங்கிளைக் கழற்றக் கூடாது. சில நொடிகளில் அது தன் உண்மை உருவுக்கு மாறும்.

மாறியதா என்று பார்க்க, கட்டளைகளை அடிக்கும் டெர்மினல் சாளரத்தில் எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளையை, ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடைவெளி இல்லாமல் அடியுங்கள். வரும் பட்டியலில் ரியல்டெக் என்ற சிப் நிறுவனத்தின் பெயர் உள்ள வரியைக் காகிதத்தில் அப்படியே எழுதி வையுங்கள். 8811சியூ, 8821சியூ, 8822பியூ போன்ற எண் அதில் இருந்தால், உங்கள் சிக்கல், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் வயதுதான். இந்த யுஎஸ்பி சிப்புகளுக்கான ஆதரவு கெர்னல் 6.2-இலிருந்தே உள்ளுக்குள் வரத் தொடங்கியது. மின்ட் 21 உடன் வந்ததோ 5.15. மின்ட்டை மறுபடி நிறுவத் தேவையில்லை, கெர்னலைப் புதுப்பித்தால் போதும்.

வைஃபையே இல்லாதபோது எதைக் கொண்டு பதிவிறக்குவது என்று கேட்பீர்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்து, அதன் அமைப்புகளில், கைப்பேசியின் இணையத்தைக் கேபிள் வழியே பகிரும் யுஎஸ்பி டெதரிங் என்பதை இயக்குங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாக ஏற்றுக்கொள்ளும், தனி டிரைவர் கேட்காது. சார்ஜ் மட்டும் செய்யும் மலிவான கேபிள் இதற்கு உதவாது. பிறகு அப்டேட் மேனேஜரில் வியூ என்ற மெனுவுக்குள் லினக்ஸ் கெர்னல்கள் என்ற பகுதிக்குச் சென்று 6.8 வரிசையில் ஒன்றை நிறுவி, கம்ப்யூட்டரை மறுதொடக்கம் செய்யுங்கள். பழைய கெர்னலை நீக்க வேண்டாம். சி.டி. படம் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தால், யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரலுக்கு ஒரே ஒரு வரி விதி எழுதி வைத்துத் தானாக மாறச் செய்யலாம். அதுவரை கையால் வெளியேற்றுவதில் எந்தத் தீங்கும் இல்லை.

சிப் ரியல்டெக் அல்லாமல் பிராட்காம் என்றால் டிரைவர் மேனேஜரே வழிகாட்டும். ஆனால் பிராட்காம் ஆனாலும், வேறு எங்கிருந்து பெற்ற டிரைவர் ஆனாலும், வெளியிலிருந்து நிறுவும்போது, கையொப்பம் ஏற்கப்பட்ட நிரல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு இயக்கத்தில் இருந்தால், நிறுவும் நிரல் ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லும். இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். அடுத்த முறை கம்ப்யூட்டர் தொடங்கும்போது நீலத் திரை ஒன்று வந்து, பத்து நொடிக்குள் ஏதாவது விசையை அழுத்தச் சொல்லும். பயந்துபோய் அணைத்துவிடாதீர்கள், சும்மாவும் இருந்துவிடாதீர்கள். விசையை அழுத்தி, என்ரோல் மாக் என்பதைத் தேர்ந்து, தொடரச் சொல்லி, ஆம் என்று ஒப்புக்கொண்டு, அந்தக் கடவுச்சொல்லை அடிக்க வேண்டும். அடிக்கும் எழுத்துகள் திரையில் தெரியாது. பத்து நொடியைத் தவறவிட்டால் கம்ப்யூட்டர் வழக்கம்போலத் திறந்துவிடும், ஆனால் கையொப்பம் ஏற்கப்படாத டிரைவரைக் கெர்னல் சத்தமில்லாமல் மறுத்துவிடும். டிரைவர் போட்டும் பயனில்லை என்று அப்போது சொல்லப்படுவதெல்லாம் இந்தத் தவறிய பத்து நொடிதான். கடவுச்சொல்லை எளிய சிற்றெழுத்துகளில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் சொன்ன இரண்டாம் யோசனையைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்பவர் உரிமம் வாங்கிப் போடுகிறாரா என்று கேளுங்கள். ஆக்டிவேட்டர் என்ற பெயரில் எவரோ எழுதிய நிரலைப் பாதுகாப்பு மென்பொருளை அணைத்துவிட்டு ஓடவிடுவதே பல இடங்களில் நடக்கிறது. தோட்டத்தின் சம்பளப் பட்டியலும் வங்கிக் கணக்கும் இருக்கும் கம்ப்யூட்டரில் அதை அனுமதிக்கவே கூடாது. அதுவும் 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்த விண்டோஸ் 10 என்றால், போட்டும் பயனில்லை. கேட்காமலே ஃபார்மேட் செய்து ஆண்டுக்கணக்கான கோப்புகளை அழிப்பதும், நல்ல எஸ்எஸ்டியைக் கழற்றிக்கொண்டு பழையதை வைத்து அனுப்புவதும் நடக்கின்றன. என்றாவது கடையில் விட்டே ஆக வேண்டுமென்றால், டிஸ்க்ஸ் நிரலில் தெரியும் எஸ்எஸ்டியின் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணை எழுதிய ரசீது வாங்கிய பிறகே விடுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற மாடலின் முதல் பதிப்பில் லினக்ஸில் தங்கு தடையின்றி ஓடிய ஏதெரோஸ் சிப் இருந்தது. அதே மாடல் எண்ணோடு வந்த இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சிப் வந்துவிட்டது. பெயரைப் பார்த்து வாங்குகிறவர் என்ன செய்வார்? மின்விசிறிக்கும் குளிர்பெட்டிக்கும் நட்சத்திர முத்திரையைக் கட்டாயமாக்கிய நாட்டில், பெட்டிக்குள் எந்த சிப் இருக்கிறது என்று இரண்டு சொல் அச்சிடச் சொல்வதற்கு இன்னும் எவருக்கும் மனம் வரவில்லை.

ஆகையால், மேற்சொன்ன எதுவும் பலிக்காமல் புது டாங்கிள் வாங்கும்படி ஆனால், சேலத்துக்கு நீங்கள் எடுத்துச் செல்ல வேண்டியது சி.பி.யூ. பெட்டியை அல்ல, மின்ட் 22 ஏற்றிய ஒரு பென்டிரைவை மட்டுமே. கடையிலுள்ள கம்ப்யூட்டர் ஒன்றை அதிலிருந்து நிறுவாமல் தொடங்கி, டாங்கிளைச் செருகி, வைஃபை பெயர்கள் வரிசையாக வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். செருகிப் பார்க்க அனுமதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.