எட்டுக் கட்டமும் பரணேறிய பூனையும்

கேள்வி: நாலாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு ஆங்கில அட்ஜெக்டிவ் வரிசையை எட்டுக் கட்டம் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், பொருள், பயன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிறாள். ஆனால் பத்து வரி எழுதச் சொன்னால் எல்லாம் துண்டு துண்டு. இரண்டு வாக்கியத்தைச் சேர்க்கத் தெரியவில்லை. தமிழில் இந்த வரிசைத் தொல்லையெல்லாம் இல்லையே! வீட்டில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?
(வாசகி ஒருவர், விருத்தாசலம்)

பதில்: தமிழில் இல்லை என்று யார் சொன்னது? ஜவுளிக்கடைக்குப் போய், "பட்டு காஞ்சிபுரம் அரக்குக் கலர் புது அழகான பாவாடை எடுத்துப் போடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். "அழகான புது அரக்குக் கலர் காஞ்சிபுரம் பட்டுப் பாவாடை" என்றுதான் வாயில் வரும். கருத்து, வயது, நிறம், ஊர், பொருள். ஆங்கிலத்திலும் இதே வரிசைதான். நம்முடையது கொஞ்சம் தாராளம். நிறத்தையும் புதுசையும் இடம் மாற்றினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பட்டு பாவாடையை விட்டு விலகாது.

ஆக, உங்கள் மகள் மாங்கு மாங்கென்று ஒப்பிப்பது அவள் காதுக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதி. அதுவும் எட்டுக் கட்டத்தையும் நிரப்பி யார் எழுதுகிறார்கள்? மூன்று அடைமொழிக்கு மேல் போனாலே 'மணமகள் தேவை' விளம்பரம் மாதிரி ஆகிவிடும். போதாக்குறைக்கு, குழந்தைகள் கதையில் வருகிற 'பிக் பேட் உல்ஃப்' அந்தக் கட்டத்தை மதிப்பதே இல்லை. அளவு முன்னால், கருத்து பின்னால்.

கட்டம் சொல்லாத ஒன்றுதான் நம் பிள்ளைகளுக்கு உண்மையில் இடறும். "அத்தை எடுத்துக் கொடுத்த பட்டுப் பாவாடை" என்று தமிழில் முழு வாக்கியத்தையே பெயருக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கலாம். ஆங்கிலத்தில் 'அத்தை எடுத்துக் கொடுத்த' பாவாடைக்குப் பின்னால் போக வேண்டும். இதை இரண்டு மொழியிலும் பத்துத் தடவை வாயால் சொல்லிப் பார்த்தால் போதும், பிடிபட்டுவிடும்.

இனி துண்டு வாக்கியம். அவள் இப்படி எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்: "கரண்ட் போனது. அப்பா தீக்குச்சி கிழித்தார். பூனை பரணுக்கு ஓடியது." இதைப் பார்த்ததும் "நடுவில் 'அண்ட்' போடு" என்று சொல்லிவிடாதீர்கள். "பூனை எதுக்கும்மா ஓடிச்சு?" என்று கேளுங்கள். இருட்டுக்குப் பயந்தா, தீக்குச்சிக்குப் பயந்தா? கரண்ட் போனதும் ஓடியது என்றால் ஒரு கதை. அப்பா தீக்குச்சி கிழித்ததும் ஓடியது என்றால் வேறு கதை. கிழித்ததால் ஓடியது என்றால் பழி அப்பா மேல். கிழித்தும் ஓடவில்லை என்றால் அது தைரியசாலிப் பூனை. வாக்கியத்தைச் சேர்ப்பது ஒட்டுவேலை இல்லை. எதற்கும் எதற்கும் என்ன உறவு என்று குழந்தை முடிவு செய்கிற வேலை. அதை முடிவு செய்யாத குழந்தைதான் புள்ளி வைத்துவிட்டு அடுத்த வரிக்குத் தாவுகிறது. பேச்சில் இந்த 'ததும்', 'ததால்', 'தும்' எல்லாம் அவளிடம் சரளமாகவே வரும். பேனா பிடிக்கும்போதுதான் காணாமல் போகிறது.

ஆகவே முதலில் தமிழில் பேச விடுங்கள், அப்புறம் ஆங்கிலம். அங்கே ஒரு திருப்பம் உண்டு. நம் இணைப்பு வினையின் வாலில் தொங்குகிறது: பெய்ததால், பெய்தபோது, பெய்தாலும். ஆங்கிலத்தில் அது தலையில் உட்காரும்: பிகாஸ், வென், ஆல்தோ. இந்த இடமாற்றம் பழகாத பிள்ளை "ஐ டிட் நாட் கம். பிகாஸ் இட் ரெய்ன்ட்" என்று வெட்டி எழுதும். நம் "நான் வரவில்லை. ஏனென்றால் மழை பெய்தது" அச்சு அசலாக அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. அதைத் திருத்தப் போய்ச் சில ஆசிரியர்கள், 'பிகாஸ்' போட்டு வாக்கியத்தைத் தொடங்கவே கூடாது என்று ஒரு சட்டம் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. "பிகாஸ் இட் ரெய்ன்ட், வி ஸ்டேய்ட் அட் ஹோம்" சுத்தமான ஆங்கிலம். காரணத்தை மட்டும் சொல்லிவிட்டுப் புள்ளி வைத்து நிறுத்துவதுதான் தப்பு.

வாக்கியம் சேர்க்கும் இந்தப் பயிற்சி என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் ஃபிராங்க் ஓஹேர் என்ற ஆய்வாளர் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலக்கணப் பாடம் நடத்தாமல், துண்டுகளைச் சேர்க்கும் பயிற்சி மட்டும் கொடுத்து, எழுத்து தேறியதை 1973இலேயே காட்டினார். 2007இல் ஸ்டீவ் கிரஹாம், டோலோரஸ் பெரின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 4 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், இலக்கணத்தைத் தனியாக நடத்தியதில் எழுத்து மேம்படவில்லை, வாக்கியம் சேர்க்கும் பயிற்சியில் மேம்பட்டது.

தினம் மூன்று துண்டு வாக்கியம் போதும், அதுவும் அவள் நோட்டிலிருந்தே எடுங்கள். இரண்டு விதமாகச் சேர்க்கட்டும், எது நடந்ததைச் சரியாகச் சொல்கிறது என்று அவளே சொல்லட்டும். எட்டுக் கட்டத்தைப் பரீட்சையில் கேட்பார்கள். எழுதி மார்க் வாங்கிக்கொள்ளட்டும். அதற்காக மிஸ்ஸிடம் சண்டைக்குப் போக வேண்டாம். 'பிகாஸ்' விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.