ரோம் கடலில் பாடம் படித்த முனை

கேள்வி: வைகைப் படுகையில் ரோமானியக் காசு கிடைத்ததைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். தரையில் சண்டை போட்டுப் பழகிய ரோமானியர்கள் கடலில் எங்கே தேறினார்கள்?
- கல்லூரி மாணவி, செல்லூர், மதுரை

பதில்: சிசிலியில்தான் தங்கச்சி, அதிலும் அந்தத் தீவின் மேற்குக் கோடியில் கடலுக்குள் நீண்டிருக்கும் போயோ முனையில். இன்றைக்கு மர்சாலா, அன்றைக்கு லிலிபேயம். ஆப்பிரிக்கக் கரை அங்கிருந்து சுமார் 140 கிலோமீட்டர்தான், அதனால் துனிசியாப் பக்கத்துக் கார்த்தேஜ்காரர்கள் அதை விடுவதாக இல்லை. கி.மு. 397இல் பக்கத்துக் காயலில் இருந்த மோத்யா நகரம் அழிந்த பிறகு அவர்கள் கட்டிய கோட்டை அது. தரைப் பக்கம் ஆழமான அகழி, கடல் பக்கம் வழி தெரியாத கப்பலைத் தரைதட்ட வைக்கிற ஆழமில்லாத தண்ணீர்.

கி.மு. 250இல் ரோமானியர்கள் முற்றுகை போட்டார்கள். அவர்கள் கப்பல்கள் துறைமுக வாயிலிலேயே காத்துக்கிடக்க, ‘ரோட்ஸ்காரர்’ என்று பட்டப்பெயர் கொண்ட கார்த்தேஜ்காரர் ஒருவர் பட்டப்பகலில் உள்ளே போய் சேதி வாங்கிக்கொண்டு வெளியே வருவாராம், பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் போலிபியஸ் எழுதிவைத்திருக்கிறார். பெயர் ஹன்னிபால், ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிய ஹன்னிபால் வேறு. இத்தாலிப் பக்கமிருந்து வரும்போது, ஆப்பிரிக்காவைப் பார்த்திருக்கும் மதில் கோபுரங்கள் எல்லாவற்றையும் கடலோரக் கோபுரம் ஒன்றே மறைக்கிற மாதிரி கப்பலின் முனையை அதற்கு நேராகப் பிடிப்பார், துறைமுக வாய் சரியாக எதிரே வந்துவிடும். நம்ம ராமநாதபுரம் மீனவர்கள் கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் நேர்ப்படுத்தி வழி பார்ப்பதும் இதே கணக்குதான்.

கடைசியில் ரோமானியர்கள் துறைமுக வாயில் கொட்டிய மண்மேட்டில் கார்த்தேஜின் வேறொரு வேகமான கப்பல் தட்டி நிற்க, அதிலேயே ஏறித் துரத்தி அவரையும் பிடித்துவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அப்புறம் நடந்ததுதான். கி.மு. 249இல் அதே கரையில் உள்ள திரபானா துறைமுகத்தில் ரோமுக்குக் கடலில் பெரிய தோல்வி, கஜானாவும் காலி. பணக்காரக் குடிமக்கள் கடன் கொடுத்து 200 கப்பல் கட்டினார்கள், அதற்கு மாதிரியாக வைத்தது அந்த ரோட்ஸ்காரரின் கப்பலை! கி.மு. 241இல் சிசிலியின் மேற்கே உள்ள ஏகேட்ஸ் தீவுகளுக்கு அருகே அந்தப் படைதான் கார்த்தேஜை உடைத்தது. லிலிபேயம் சண்டையில் விழவே இல்லை, உடன்படிக்கையில் கைமாறியது.

மர்சாலா அருங்காட்சியகத்தில், 1971 முதல் கடலடித் தொல்லியலாளர் ஹானர் ஃப்ராஸ்ட் கடலிலிருந்து எடுத்த கார்த்தேஜ் கப்பல் ஒன்று இருக்கிறது. எந்தப் பலகை எங்கே சேரும் என்று தச்சர்கள் தீட்டிய எழுத்துகள் மரத்தில் இன்னும் தெரிகின்றன. ஏகேட்ஸ் கடலடியிலிருந்து, எதிரிக் கப்பலை இடிக்க முன்னால் மாட்டும் வெண்கல மூக்குகளும் 20க்கு மேல் கிடைத்துவிட்டன. போர் நடந்த இடம் உறுதியானதே அவற்றால்தான்.