அமீனா வந்தால் கதவைப் பூட்டிக்கொள்ளலாமா?

கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வரும் ஊழியரான அமீனாவுக்கு என்ன அதிகாரம், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். குன்னூரில் வக்கீல் குமாஸ்தாவாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பெயரை முதலில் முடித்துவிடுவோம். அமீன் என்றால் அரபியில் நம்பிக்கைக்கு உரியவர். நம்பி ஒப்படைத்த பொருளைக் குறிக்கும் அமானத்துக்கும் அதே வேர்தான். பாரசீகம் வழியாக வந்து நம்மூர்க் கோர்ட் கச்சேரியில் அமீனா ஆகிவிட்டது. இதே வேலைக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்த பெயரான பெய்லிஃப் பழைய பிரெஞ்சுச் சொல். அதற்கும் முன்னால் லத்தீனில் பாஜுலுஸ், அதாவது சுமை தூக்குபவர். எங்கள் பக்கம் அமீனாக்கள் அட்டி அட்டியாக, அதாவது மலைக் கிராமம் கிராமமாக, ஏறி இறங்குவதைப் பார்த்தால் லத்தீன்காரன் சொன்னதுதான் சரி என்று தோன்றும்.

சம்மன் கொண்டுவருபவரையும் ஜப்திக்கு வருபவரையும் ஜனங்கள் அமீனா என்றுதான் சொல்வார்கள். தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் சம்மன் கொடுப்பது தனி வித்தை. பகலில் போனால் எல்லாரும் கொழுந்து பறிக்கப் போயிருப்பார்கள். ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள்; அப்பா பெயர் கேட்டால்தான் ஆள் பிடிபடும். வாங்க மறுத்தாலோ, தேடியும் கிடைக்காவிட்டாலோ நகலை வாசல் கதவில் ஒட்டலாம் என்கிறது 1908 சிவில் நடைமுறைச் சட்டம். வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்று கோர்ட்டுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால் பக்கத்து டீக்கடையில், "அண்ணா, ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று கெஞ்சல் நடக்கும். "நமக்கெதுக்கு சார் வம்பு" என்று அவர் பாய்லர் பக்கம் திரும்பிக்கொள்வார்.

கதவைப் பூட்டிவிட்டுப் பின்பக்கமாகத் தேயிலைக்குள் இறங்கிவிட்டால் வழக்கு நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிற்காது. ஒட்டியதைக் கோர்ட் ஏற்றுக்கொண்டால், வாய்தாவுக்கு வராதவர் எக்ஸ்பார்ட்டி, அதாவது அவர் இல்லாமலேயே தீர்ப்பு ஆகிவிடும். பிறகு அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனு, வராததற்குக் காரணம் என்று அலைய வேண்டியதுதான்.

ஜப்திக்கு வந்தாலும் இஷ்டத்துக்கு அள்ளிக்கொண்டு போக முடியாது. அதே சட்டத்தின் பிரிவு 60-இன்படி உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி ஆகியவற்றைத் தொடக்கூடாது. விவசாயியின் பிழைப்புக்கு வேண்டிய கருவிகளுக்கும் பாதுகாப்பு உண்டு. கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலைக்காரர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. பிரிவு 62, பொழுது சாய்ந்தபின் விடியும்வரை ஜப்திக்காக வீட்டுக்குள் நுழையக்கூடாது என்கிறது. வாசல் கதவை உடைப்பதும், கடன்பட்டவரே குடியிருந்து வழிமறித்தால் மட்டும்தான்.

கடன் வசூலுக்கு வரும் தனியார் ஆட்கள் சிலர் அமீனா தோரணையில் மிரட்டுவார்கள். கோர்ட் முத்திரை போட்ட வாரண்டைக் கேளுங்கள், வழக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உண்மையான அமீனா காட்டத் தயங்கமாட்டார். ஆனால் அவரிடம் "நான் பணம் கட்டிட்டேனே" என்று வாதாடிப் பிரயோஜனமில்லை. ரசீதை எடுத்துக்கொண்டு அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.