இத்தனை இன மக்கள் வாழும் அமெரிக்காவில் ஆட்சி முறை அவர்களை எப்படி உள்ளடக்குகிறது?

கேட்டவர் தம் கேள்வியோடு ஒரு விளக்கமும் சேர்த்திருக்கிறார். அமெரிக்காவில் மொழிவழி மாநிலங்கள் இல்லை, தனித்தொகுதிகள் இல்லை. அப்படியிருந்தும் வெள்ளையர், கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், ஆசியர், பூர்வகுடிகள் ஆகியோர் ஒரே ஆட்சியின்கீழ் வாழ்கிறார்கள். அந்நாட்டு அரசமைப்புச் சட்டம் தொடக்கத்திலேயே அனைவரையும் சமமாக ஏற்றதுதான் காரணமா என்பது அவர் ஐயம். அது காரணமில்லை. அந்தச் சட்டம் பலரை வாசலிலேயே நிறுத்திவிட்டுத்தான் தொடங்கியது. பின்னால் உள்ளே வந்தவர்களும் 'இன்ன இனத்தார்' என்ற அடையாளத்தோடு ஆட்சியில் பங்கு பெறவில்லை. இன்ன தெருவில் இத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்ற தலைக்கணக்கின் வழியாகவே பெற்றார்கள். நான் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வசிப்பவன், இங்கே குடியுரிமை பெற்றவன், இரண்டு தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணியாளனாக இருந்தவன். அந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

குவீன்ஸில் ஏறத்தாழ 24 லட்சம் பேர் வசிக்கிறார்கள். கிட்டத்தட்டப் பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். தேர்தல் நாளில் காலை ஐந்து மணிக்கே நாங்கள் சாவடிக்குப் போய்விட வேண்டும். அது ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம். சுவரில் ஒட்ட வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்துடன் ஸ்பானியம், சீனம், கொரியம், வங்காளம் ஆகிய மொழிகளிலும் கட்டுக்கட்டாக வந்திருந்தன. எது தலைகீழாக இருக்கிறது என்று தெரியாமல் கொரிய அறிவிப்பு ஒன்றைக் கவிழ்த்து ஒட்டிவிட்டேன். முதல் ஆளாக வாக்களிக்க வந்த கொரியப் பெரியவர் சிரித்துக்கொண்டே அதைத் திருப்பி ஒட்டினார். நண்பகல் வாக்கில் வயதான வங்காள அம்மையார் ஒருவர் மகன் துணையுடன் வந்தார். மொழிபெயர்ப்பாளராக அமர்த்தப்பட்டிருந்த இளம்பெண் எழுந்து சென்று, தாயின் சகோதரியை அழைப்பதுபோல் 'காலா' என்று அழைத்து, வாக்குச்சீட்டில் எங்கே வட்டத்தை நிரப்ப வேண்டும், எப்படி வருடியில் (ஸ்கேனரில்) செருக வேண்டும் என்று வங்காளத்திலேயே விளக்கினார். அந்த அம்மையார் ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடப் பேசாமல் தம் வாக்கைச் செலுத்திவிட்டுப் போனார்.

இந்த ஏற்பாடு யாருடைய பெருந்தன்மையாலும் வந்ததன்று. 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தில் 1975-இல் சேர்க்கப்பட்ட 203-ஆவது பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது. ஆங்கிலத்தில் போதிய தேர்ச்சி இல்லாத, வாக்களிக்கும் வயதுடைய குடிமக்கள் ஒரே மொழிச் சிறுபான்மையைச் சேர்ந்தவர்களாக ஒரு கவுண்டியில் (குவீன்ஸ் போன்ற, மாவட்ட அளவிலான நிர்வாகப் பிரிவில்) 10,000 பேருக்கு மேலோ, வாக்களிக்கும் வயதினரில் 5 விழுக்காட்டுக்கு மேலோ இருந்தால், அவர்களுடைய எழுத்தறிவு நிலையையும் பார்த்துவிட்டு, அந்த மொழியிலும் தேர்தலை நடத்த வேண்டும் என்பது விதி. எந்தக் கவுண்டியில் எந்த மொழி என்பதை அரசியல்வாதிகள் அறிவிப்பதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் அறிவிக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2011-இல் குவீன்ஸுக்கு அறிவிக்கப்பட்டது வங்காளம் அன்று, 'ஆசிய இந்தியர்' என்ற பிரிவு. இந்தியர் என்றால் எந்த மொழி? குஜராத்தியா, பஞ்சாபியா, ஹிந்தியா, தமிழா? ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டிய நிலையில் நகரத் தேர்தல் வாரியம் வங்காளத்தைத் தேர்ந்தெடுத்தது. 2013-இல் அது வாக்குச்சீட்டில் ஏறியது. இங்கே வங்காளம் பேசுவோரில் பெரும்பாலோர் வங்கதேசத்தவர். ஆக, இந்தியர் என்ற பெயரில் திறந்த கதவு வழியாக வங்கதேசத்து அம்மையாரும் உள்ளே வந்தார். எனக்கு இதில் வருத்தமில்லை.

கணக்கெடுப்புப் படிவத்தில் நம்மவர்களுக்கு இடப்பட்ட பெயர்களின் கதை இதைவிட விசித்திரமானது. 1920, 1930, 1940 ஆகிய மூன்று கணக்கெடுப்புகளில் 'இந்து' என்பது ஓர் இனத்தின் பெயராக இருந்தது. பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியரும் முஸ்லிமும் அந்தப் பெயரிலேயே குறிக்கப்பட்டார்கள். 1970-இல் இந்தியர்கள் வெள்ளையர் கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். இங்கே குடியேறிய இந்தியர்களின் அமைப்புகள் முறையிட்ட பிறகு 1980-இல்தான் 'ஆசிய இந்தியர்' என்ற தனிக் கட்டம் பிறந்தது. வெள்ளையர் என்று எழுதியிருந்ததை வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது: தனியாக எண்ணப்படாத கூட்டத்துக்கு இந்த நாட்டின் ஆட்சி முறையில் எதுவும் கிடைக்காது.

இனி, தொடக்கத்தில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களைப் பற்றி. 1787-இல் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம், நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் இடங்களை மாநிலங்களுக்குப் பங்கிடும்போது அடிமைகளை ஐந்துக்கு மூன்று என்ற வீதத்தில் எண்ணியது. அந்தக் கூடுதல் எண்ணிக்கையின் பயன் அடிமைகளுக்குப் போகவில்லை, அவர்களை உடைமையாக வைத்திருந்த தென்மாநிலங்களுக்குப் போனது. 1790-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் 'சுதந்திரமான வெள்ளையர்' மட்டுமே குடியுரிமை கோரலாம் என்றது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1870-இல் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் அந்த உரிமை விரிந்தது, ஆசியர்களுக்கு விரியவில்லை. 1882-இல் சீனத் தொழிலாளர்கள் வருவதையே தடுத்து ஒரு சட்டம் இயற்றினார்கள்.

முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் என்ற சீக்கியர் குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1923-இல் தோற்றார். அவருக்கு இழைக்கப்பட்டது அநீதி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் தரப்பு வாதத்தைப் படிக்கும்போது எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது. நிறத்தைப் பார்த்துக் குடியுரிமை தருவது தவறு என்று அவர் வாதிடவில்லை; தாம் உயர்சாதி ஆரியர், ஆகவே தாமும் வெள்ளையரே என்று வாதிட்டார். நீதிமன்றம் அதை ஏற்காததோடு, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரும் அந்தத் தீர்ப்பால் அதை இழந்தார்கள். 1946-இல்தான் இந்தியர்கள் குடியுரிமை பெறலாம் என்று சட்டம் வந்தது. கூடவே ஆண்டுக்கு வெறும் 100 பேர் குடியேறலாம் என்ற ஒதுக்கீடும் வந்தது. அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்ட தலிப் சிங் சவுந்த், 1949-இல் குடியுரிமை பெற்று, 1956-இல் கலிஃபோர்னியாவிலிருந்து பிரதிநிதிகள் சபைக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வாசலை உண்மையில் அகலத் திறந்தது, அடிமை முறை ஒழிந்தபின் 1868-இல் ஏற்கப்பட்ட 14-ஆவது திருத்தம். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காகவே அது எழுதப்பட்டது. ஆனால் அதன் வாசகத்தில் நிறமும் இல்லை, இனமும் இல்லை. இந்நாட்டு மண்ணில் பிறந்து அதன் அதிகாரத்துக்கு உட்பட்ட எவரும் குடிமக்கள் என்றது. எந்த 'நபருக்கும்' சட்டத்தின் சமப் பாதுகாப்பை மறுக்கக்கூடாது என்றது. குடிமகன் என்று சொல்லாமல் நபர் என்று சொன்னது எவ்வளவு பெரிய செய்தி என்பதை ஒரு சலவைக்கடை வழக்கு காட்டியது.

சான் ஃபிரான்சிஸ்கோவில் அப்போது சலவைக்கடைகளில் பெரும்பாலானவை சீனர்களுடையவை. ஏறக்குறைய எல்லாமே மரக் கட்டடங்களில் இயங்கின. மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த நகர நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்று 1880-இல் விதி போட்டார்கள். விதியின் வாசகத்தில் சீனர் என்ற சொல்லே கிடையாது. அனுமதி கேட்ட சீனர்கள் ஏறத்தாழ 200 பேர், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சீனர் அல்லாதவர்கள் கேட்டபோது ஒருவர் தவிர எல்லாருக்கும் கிடைத்தது. யிக் வோ என்ற பெயரில் நடந்த அந்த வழக்கில் 1886-இல் உச்ச நீதிமன்றம், எழுத்தில் நடுநிலையாக இருக்கும் சட்டமும் ஓரவஞ்சனையோடு செயல்படுத்தப்பட்டால் அரசமைப்புக்கு முரணானதே என்றும், குடியுரிமை இல்லாத அயல்நாட்டவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு என்றும் தீர்ப்பளித்தது. சீனத் தொழிலாளர் வருகையையே சட்டம் தடைசெய்திருந்த காலத்தில் வந்த தீர்ப்பு இது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அதே நகரில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த சமையற்காரர் வோங் கிம் ஆர்க், சீனாவுக்குப் போய்த் திரும்பியபோது உள்ளே விடப்படாமல் வழக்காடி வென்றார். பெற்றோர் குடியுரிமை பெறவே முடியாதவர்களாக இருந்தாலும் பிள்ளை பிறப்பால் அமெரிக்கர் என்பது 1898-இல் உறுதியானது. சென்னையில் பிறந்து 1958-இல் மாணவியாக இங்கே வந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், 1964-இல் ஓக்லாந்தில் பிறந்து, 2021-இல் துணை அதிபரானதற்கும், அதிபர் தேர்தலில் நிற்க முடிந்ததற்கும் அடிப்படை இந்தச் சமையற்காரரின் வழக்குதான். என்னைப்போல் வந்தேறிக் குடியுரிமை பெற்றவர்கள் மேயராகலாம், ஆளுநராகலாம், செனட்டராகலாம், அதிபராக முடியாது.

கறுப்பின மக்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இங்கே வந்து வசதியாக வாழும் நம்மவர்களில் சிலர் அவர்களை ஏளனமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். வரலாறு தெரியாத பேச்சு அது. 14-ஆவது திருத்தம் அவர்களுடைய நூற்றாண்டுத் துயரின் விளைச்சல். 1870-இல் 15-ஆவது திருத்தம் வாக்குரிமை தந்தபிறகும், தென்மாநிலங்கள் எழுத்தறிவுத் தேர்வு, வாக்கு வரி, அடியாள் வன்முறை ஆகியவற்றால் ஏறத்தாழ நூறாண்டுகள் அதைப் பறித்துவைத்தன. அவர்கள் அடிபட்டும் சிறைசென்றும் பெற்ற வாக்குரிமைச் சட்டம் 1965 ஆகஸ்டில் கையெழுத்தானது. அடுத்த இரண்டே மாதத்தில், அக்டோபர் 3 அன்று, பிறந்த நாட்டைப் பார்த்து ஒதுக்கீடு செய்த பழைய முறையை ஒழித்த குடியேற்றச் சட்டம் கையெழுத்தானது. இரண்டும் ஒரே அலையில் வந்தவை. நாம் பெட்டியோடு விமானம் ஏறியது அந்த இரண்டாவது சட்டத்தால்தான்.

இனி, தெருவும் தலைக்கணக்கும் என்று முதலில் சொன்னதற்கு வருகிறேன். இங்கே பிரதிநிதித்துவம் நிலத்தைப் பார்த்தே பிரிக்கப்படுகிறது. ஒரே பகுதியில் சேர்ந்து வாழும் சிறுபான்மைக்கு ஒரு தொகுதி வசமாகும். சிதறி வாழ்வோருக்கு வாக்கு உண்டு, குரல் இல்லை. ஆகவே தொகுதிக் கோட்டை வரைபவர் கையில்தான் பாதி அதிகாரம் இருக்கிறது. எங்கள் குவீன்ஸின் ரிச்மண்ட் ஹில்லில் பஞ்சாபியரும், தென் அமெரிக்க நாடான கயானாவிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினரும் அடர்த்தியாக வாழ்கிறார்கள். கயானா மக்களில் ஒரு பகுதியினர், கரும்புத் தோட்டத்துக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்களின் சந்ததி; தமிழ் மறந்துபோனாலும் மாரியம்மனை மறக்காதவர்கள். தங்கள் பகுதியைப் பல சட்டமன்றத் தொகுதிகளாகக் கூறுபோட்டுவிட்டார்கள் என்பது இவர்களின் நெடுநாள் முறையீடு. தொகுதி மறுவரையறை பற்றிய பொதுக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். பேசியவர்கள் 'எங்கள் இனத்தாருக்கு ஒரு தொகுதி கொடுங்கள்' என்று கேட்கவில்லை, 'இந்த அவென்யூவின் இரு பக்கமும் ஒரே தொகுதியில் இருக்கட்டும்' என்றுதான் கேட்டார்கள். அப்படிக் கேட்பதற்குச் சட்டக் காரணம் உண்டு. இனத்தை மட்டுமே முதன்மையாக வைத்துக் கோடு போட்டால் நீதிமன்றம் தள்ளிவிடும். சிறுபான்மையின் வாக்கு வலுவிழக்கும்படி போட்டாலும் வாக்குரிமைச் சட்டத்தை மீறியதாக நீதிமன்றங்கள் கொண்டன. அலபாமாவின் ஏழு தொகுதிகளைப் பற்றி 2023-இல் வந்த தீர்ப்பு இந்த இரண்டாவது வகை.

இந்த நிலக்கணக்கில் நியாயக் குறைவுகளும் உண்டு. 3.95 கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் ஆறு லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் செனட்டில் ஆளுக்கு இரண்டு இடங்கள்தாம். பல இன மக்கள் பெரிய மாநிலங்களின் நகரங்களில் குவிந்திருப்பதால் இந்த இழப்பு பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. போர்ட்டோ ரிக்கோவில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட குடிமக்கள் வாழ்ந்தும், அங்கே இருக்கும்வரை அவர்களுக்கு அதிபர் தேர்தலில் வாக்கில்லை.

நிலக்கணக்குக்கு ஒரே பெரிய விலக்கு பூர்வகுடிகள். ஒன்றிய அரசு ஏற்றுக்கொண்ட பூர்வகுடி அரசுகள் 570-க்கும் மேல் உள்ளன. தங்கள் நீதிமன்றம், காவல்துறை, உறுப்பினர் விதிகள் ஆகியவற்றை அவையே வைத்துக்கொள்கின்றன. அவர்களுடைய உரிமை சிறுபான்மை உரிமையாக வந்ததன்று. நாட்டோடு நாடாகச் செய்துகொண்ட ஒப்பந்தங்களிலிருந்து வந்தது. அந்த ஒப்பந்தங்களில் எத்தனை மீறப்பட்டன என்பதற்குத் தனிப் பதிலே எழுத வேண்டும்.

கடைசியாக, இது இப்படியே நீடிக்குமா என்ற கேள்வியையும் கேட்டவர் எழுப்பியிருக்கிறார். 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் ஓர் ஆணை மூலம் ஆங்கிலத்தை நாட்டின் ஆட்சிமொழியாக அறிவித்தார்; அதற்கு முன் ஒன்றிய அளவில் ஆட்சிமொழி என்று எதுவும் இருந்ததில்லை. ஆனால் அதிபரின் ஆணை, நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை நீக்கிவிடாது. ஆகவே அந்த ஆண்டு நவம்பரில் நடந்த மேயர் தேர்தலிலும் குவீன்ஸில் வங்காள வாக்குச்சீட்டு இருந்தது. 203-ஆவது பிரிவுக்கு 2006-இல் கொடுக்கப்பட்ட நீட்டிப்பு 2032 ஆகஸ்டில் முடிகிறது. அதற்குமேல் அது தொடர வேண்டுமானால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் மறுபடி வாக்களிக்க வேண்டும்.