கழற்றி மாட்டும் இறக்கையும் தம்பியின் பட்டப்படிப்பும்

அன்புள்ள அம்மா,

சனிக்கிழமை நீங்கள் போன பிறகும் உங்கள் மகன், தம்பியின் கொப்பி என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. இணைந்த கணிதப் பயிற்சிகளுக்கு நடுவே, போர் விமானிகளைப் பழக்கும் ஒரு பயிற்சி ஜெட். இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் நான்கு போல்ட். ஒரே உடம்புக்கு, வேலைக்கு ஏற்றபடி வேறு வேறு இறக்கை மாட்டலாம் என்றார். சீனக்குடாவில் எழும்பும் பயிற்சி விமானங்களை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த பிள்ளை.

"உந்த எண்ணத்தை விடச் சொல்லுங்கோ சேர்" என்றீர்கள். சொல்ல மாட்டேன் அம்மா. ஆனால் இப்படி விமானம் செய்யப் புதிதாகத் தொடங்கும் ஸ்டார்ட்அப் கம்பனி ஒன்றை நம்பி, ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சைக்குப் பிறகான பாதையை அவர் முடிவெடுப்பது எனக்கும் பயம்தான்.

அவர் வரைந்த அதே எண்ணத்தோடு பிரித்தானியாவில் ஏராலிஸ் என்ற கம்பனி 2015இல் தொடங்கியது. பத்து ஆண்டு கடந்தபோதும் அவர்களுடைய ஒரு விமானமும் பறந்திருக்கவில்லை. அமெரிக்காவில் ஏவியேஷன் டெக்னாலஜி குரூப், ஜாவெலின் என்ற சின்ன ஜெட்டை 2005இல் பறக்கவே விட்டது. 2008இல் வங்குரோத்து.

இவர்களுக்கு அறிவு குறைவில்லை. பயிற்சி ஜெட்டை வாங்குகிறவர் பெரும்பாலும் அரசாங்கம்தான். அதுவும் தலைமுறைக்கு ஒருமுறை. அமெரிக்க விமானப்படை 1961இல் எடுத்த டி-38 பயிற்சி ஜெட்டுக்கு மாற்று விமானத்தை 2018இல்தான் தெரிவு செய்தது. போயிங்கும் சுவீடனின் சாப் கம்பனியும் சேர்ந்து செய்த டி-7ஏ அது: 351 விமானம், 9.2 பில்லியன் டொலர் வரை. அந்த வேலையில் போயிங்குக்கே ஒரு பில்லியன் டொலருக்கு மேல் நட்டம். பெரிய கம்பனி தாங்கும். முதலீட்டாளர் காசில் நடக்கும் கம்பனியால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. அங்கே வேலை செய்கிற பிள்ளைகள்தான் முதலில் வீட்டுக்குப் போவார்கள்.

இன்னொன்றை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். போர் விமானத் தொழில்நுட்பத்தை வெளிநாட்டவர் கையில் கொடுக்க அமெரிக்கச் சட்டம் தனி அனுமதி கேட்கும். பிரித்தானியாவிலும் பாதுகாப்புச் சோதனை இருக்கிறது. அங்கே சில வருடம் வாழ்ந்திருக்க வேண்டும் என்று பொதுவாக எதிர்பார்ப்பார்கள். இலங்கைக் கடவுச்சீட்டோடு நேரே போய் இந்தக் கதவைத் தட்டுவது கஷ்டம். கடன்பட்டு வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு முன் இதை மனதில் வையுங்கள்.

அதனால் முதல் பட்டத்தை அகலமாக எடுக்கட்டும். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி இடம் கொடுத்தால் மொறட்டுவையிலோ பேராதனையிலோ இயந்திரப் பொறியியல். விமானம்தான் வேண்டும் என்று நின்றால் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் இருக்கிறது. புள்ளி குறைந்தாலும் வழி அடைபடாது: விமானப் பராமரிப்பு அனுமதிப்பத்திரம் எடுத்தவருக்குப் பயணிகள் விமானங்களில் வேலை உண்டு, அங்கே இராணுவத் தடையும் இல்லை. எந்த வழியென்றாலும் படிப்பு ஆங்கிலத்தில்தான். தமிழில் பௌதிகவியல் படித்த பிள்ளைகள் முதல் வருடத்தில் திணறுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தை இன்றைக்கே தொடங்கச் சொல்லுங்கள்.

அவருக்கு ஒரு வேலையும் தருகிறேன். காற்றில் இறக்கை எப்படி வேலை செய்யும் என்று கணிக்கும் எக்ஸ்ஃபாயில் என்ற மென்பொருள் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். தன் இறக்கையின் குறுக்குவெட்டை அதில் போட்டு, எவ்வளவு தூக்கு விசை வருகிறது என்று பார்க்கட்டும். அந்த விசையை நான்கு போல்ட் தாங்குமா என்று அவரே கணக்குப் போட்டு, அடுத்த சனி கொப்பியோடு வரட்டும். நீங்களும் வாங்கோ.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர், திருகோணமலை